யாளி பிறந்த மண்ணில் விநோதம் அந்நியமா?

காஞ்சி வட்டாரத்தில் நவீன ஓவியம், சிற்பம் பற்றிப் பேச்செடுத்தால் ஒரு தீர்ப்பு உடனே வந்து விழும். ஈஞ்சம்பாக்கத்தில் இருக்கும் சோழமண்டலம் ஓவியர் கிராமத்துக்குப் போய்வந்தவர்களும், சென்னையில் ஏதாவது ஒரு கேலரிக்குள் நுழைந்து வந்தவர்களும் அதைச் சொல்வார்கள். பறவையா மரமா என்று பிரிக்க முடியாத செப்புத்தகட்டு உருவம், முகம் முளைத்த வேர், கண் திறந்த இலை, நீர்வண்ணத்தில் ஊறிக் கிடக்கும் பெயர் தெரியாத பூச்சி, இதெல்லாம் நம்முடையது இல்லை என்பார்கள். இயற்கையைச் செய்வதென்றால் உள்ளபடி செய்யட்டும், சாமியைச் செய்வதென்றால் சாஸ்திரப்படி செய்யட்டும், இரண்டிலும் சேராத இந்த விநோதம் வெள்ளைக்காரனிடமிருந்து வந்த பழக்கம் என்று முடிப்பார்கள்.

இதைச் சொல்பவர்கள் கலையை வெறுப்பவர்கள் அல்லர். பெரும்பாலும் கோயிலுக்குப் போகிறவர்கள், தூணைத் தொட்டுப் பார்க்கிறவர்கள், பட்டுக்கரையில் ஓர் இழை பிசகினாலும் கண்டுபிடிக்கிறவர்கள். அப்படிப்பட்டவர்கள் வாயிலிருந்து வருவதால்தான் இந்தக் கருத்துக்கு மதிப்பு இருக்கிறது. அதனால்தான் இதை விரிவாக மறுக்கவும் வேண்டியிருக்கிறது. அவர்கள் எந்த மரபின் பெயரால் அந்தக் கண்காட்சிகளைத் தள்ளிவைக்கிறார்களோ, அந்த மரபே அவர்களுக்கு எதிராகச் சாட்சி சொல்கிறது என்பது என் வாதம். இயற்கையை உற்றுப் பார்த்து, பிரித்து, வேறு விதமாகக் கூட்டிச் சேர்ப்பதுதான் பல்லவர் காலம் தொட்டு இந்த மண்ணின் சிற்பி செய்துவந்த வேலை. ‘உள்ளபடியே’ என்ற அளவுகோல் மிகப் பிந்தி வந்தது.

சாட்சியைத் தேடி வெகுதூரம் போக வேண்டாம். காஞ்சிக்குப் பக்கத்துக் கூரத்திலிருந்தே தொடங்கலாம். கூரம் என்றதும் பலருக்கும் வைணவ ஆசாரியர் கூரத்தாழ்வான் நினைவுக்கு வருவார். அதே ஊரில் ஏழாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் முதலாம் பரமேசுவரவர்மன் ஒரு சிவன் கோயில் கட்டினான். வித்யாவிநீத பல்லவ பரமேசுவர கிருகம் என்று அதற்குப் பெயர். அந்தக் கோயில் மண்டபத்தில் பாரதம் வாசிப்பதற்கு மானியம் விட்ட செய்தியையும், பாலாற்றிலிருந்து கால்வாய் வெட்டி ஏரிக்கு நீர் கொண்டுவந்த செய்தியையும் கூரம் செப்பேடு சொல்கிறது. தமிழ்நாட்டில் கல்லை அடுக்கிக் கட்டிய கோயில்களில் மிகப் பழையவற்றுள் ஒன்றாக ஆய்வாளர்கள் இதை வைக்கிறார்கள். கோயிலின் மேற்பகுதி இன்று இல்லை. ஆனால் தரையமைப்பைப் பார்த்தாலே வடிவம் தெரியும். பின்புறம் வளைந்த தூங்கானை மாடம் அது. படுத்துறங்கும் யானையின் முதுகைப் பார்த்த ஒருவனுக்கு இறைவன் உறையும் வீட்டின் கூரை அந்த முதுகுபோல் இருக்கலாம் என்று தோன்றியிருக்கிறது. யானையை அவன் யானையாகச் செய்யவில்லை. அதன் வளைவை மட்டும் பிரித்தெடுத்து, கால், துதிக்கை, காது எல்லாவற்றையும் விட்டுவிட்டு, அந்த வளைவுக்குள் கருவறையை வைத்தான். இயற்கையிலிருந்து ஒரு வடிவத்தைக் கழற்றி எடுத்து வேறொரு காரியத்துக்கு வைப்பது இன்றைய கேலரிச் சிற்பிகள் தாமாகக் கண்டுபிடித்த தந்திரம் என்று சொல்கிறவர்கள், கூரத்துக் கோயிலைச் சுற்றிவந்து பின்புறம் ஒருகணம் நிற்க வேண்டும்.

மாமல்லபுரத்தில் இதே வடிவத்துக்குச் சிற்பியே விளக்கமும் வைத்துவிட்டுப் போயிருக்கிறான். ஐந்து ரதங்களில் சகாதேவ ரதம் என்று அழைக்கப்படுவது தூங்கானை மாடம். அதன் அருகிலேயே ஒற்றைக் கல்லில் ஒரு யானை நிற்கிறது. உள்ளபடி யானையும், யானையிலிருந்து பிறந்த கட்டடமும் பக்கத்துப் பக்கத்தில் நிற்கின்றன. உள்ளதைச் செய்யத் தெரியாதவன்தான் விநோதம் செய்கிறான் என்ற குற்றச்சாட்டுக்கு இதைவிட நேரான பதில் கிடையாது. இரண்டும் அவன் கைக்கு வந்தன. எது எங்கே வேண்டும் என்று அவனே தீர்மானித்தான்.

அங்கேயே அர்ச்சுனன் தபசு என்றும் கங்கை இறங்குதல் என்றும் சொல்லப்படும் பாறைக்குப் போவோம். பின்னங்காலால் முகத்தைச் சொறியும் மான் அங்கே இருக்கிறது. தாய் தந்தையின் கால்களுக்கிடையில் நிற்கும் யானைக்குட்டிகள் இருக்கின்றன. இவ்வளவு துல்லியமாக விலங்குகளைப் பார்த்த கண்தான், அதே பாறையின் நடுப் பிளவில், இடுப்புக்கு மேல் மனிதராகவும் கீழே பாம்பாகவும் நெளியும் நாகர்களைச் செதுக்கியது. பின்னங்காலில் நின்று தவம் செய்யும் பூனையையும் அதன் காலடியில் எலிகளையும் செதுக்கியது. அந்தப் பிளவும் சிற்பி வெட்டியதன்று, பாறையிலேயே இருந்தது. அதை அவன் நதியாக ஆக்கிக்கொண்டான். பாறையின் போக்கைப் படித்து, அது எதைச் சொல்ல விரும்புகிறதோ அதைச் சொல்லவிட்டான். இன்றைய சிற்பி ஒருவர் கடற்கரையில் ஒதுங்கிய வேர்க்கட்டையை எடுத்து அதன் முறுக்கிலேயே ஓர் உயிரைக் காணும்போது, ‘இது என்ன சிற்பம், காட்டில் கிடந்ததைக் கொண்டுவந்து வைத்திருக்கிறார்’ என்று நாம் முகம் சுளிக்கிறோம். பல்லவச் சிற்பிக்கு மலைப்பிளவு நதி என்றால் இவருக்கு வேர் உயிராவதில் என்ன குற்றம்?

இன்னும் ஒருபடி மேலே போய், உருவமே இல்லாத வடிவத்தையும் பல்லவர்கள் செய்தார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். தூணுக்கும் உத்திரத்துக்கும் இடையில் வரும் போதிகையைப் பாருங்கள். பல்லவர் போதிகையில் வளைவு வளைவாக அடுக்கப்பட்ட உருட்டுகள் வரும். அதற்குத் தரங்கப் போதிகை என்று பெயர். அலையின் அடுக்கை மட்டும் கல்லில் நிறுத்தியிருக்கிறார்கள். நுரை இல்லை, மீன் இல்லை, கடல் இல்லை. இயற்கையிலிருந்து அதன் தாளத்தை மட்டும் பிழிந்தெடுக்கும் இந்த வேலையைத்தான் கேலரி மொழியில் அரூபம் என்கிறோம். பிற்காலத்தில் அதே போதிகை தொங்கும் வாழைப்பூவாக மாறியது. ஆயிரம் ஆண்டுகளில் ஒரே உறுப்பு அலையிலிருந்து பூவாக மாறியிருக்கிறது. மரபு என்று நாம் சொல்வது இந்த மாற்றத்தைத்தான்.

இனி யாளி. காஞ்சிக் கைலாசநாதர் கோயிலில், எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இராஜசிம்மன் கட்டிய அந்த மணற்கல் வளாகத்தில், முன்னங்கால் தூக்கி எழும் சிங்க உருவங்களும் யாளிகளும் தூண்தோறும் நிற்கின்றன. மாமல்லபுரத்துக்குச் சற்று வடக்கே சாளுவன்குப்பத்துப் புலிக்குகையில் யாளித் தலைகள் வளையமாகச் சூழ்ந்து நிற்கின்றன. வரதராசப் பெருமாள் கோயிலின் நூற்றுக்கால் மண்டபத்தில் தூண்களே பாய்கின்றன. இந்த உருவங்களை நாம் பிறந்ததிலிருந்து பார்த்துப் பழகிவிட்டோம். ஆகவே அவை எவ்வளவு விசித்திரமானவை என்று நமக்கு உறைப்பதில்லை. சிங்க உடலில் யானையின் துதிக்கை இருக்கிறது. மகரத்தில் முதலையின் தாடையும் யானையின் தும்பிக்கையும் மீனின் உடலும் சேர்ந்து வால் கொடிக்கருக்காகச் சுருண்டு விரிகிறது. இவை இயற்கையில் இல்லை. ஆனால் ஒவ்வொரு பாகமும் இயற்கையில் இருக்கிறது. தாடையின் கீல் எங்கே, தசை எங்கே இறுகும், எடை எந்தக் காலில் விழும் என்று தெரியாதவன் செய்த யாளி பொம்மையாக நிற்கும். தெரிந்தவன் செய்தது உறுமும். ‘இயற்கையில் இல்லாததைச் செய்வது இயற்கையைத் தழுவியதாகாது’ என்ற வாதம் இந்தத் தூண்களின் முன்னால் நிற்காது.

யாளிக்குப் பூசை கிடையாது என்பதையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். கோயில் சிற்பம் பக்திக்கு, கேலரிச் சிற்பம் வெறும் பார்வைக்கு என்று ஒரு பிரிவு சொல்லப்படுகிறது. கருவறையில் இருப்பதற்கு அது பொருந்தலாம். மண்டபத்துத் தூணுக்கும் விமானத்துப் பூதகணத்துக்கும் பொருந்தாது. யாரும் அர்ச்சனை செய்யாத, நைவேத்தியம் காட்டாத ஆயிரக்கணக்கான உருவங்கள் மனிதரை வியக்கவைக்க மட்டுமே அங்கே நிற்கின்றன. வியப்பு இறைவனுக்கு உகந்ததல்ல என்று நினைத்திருந்தால் நம் முன்னோர் அவ்வளவு கல்லைச் செலவழித்திருக்க மாட்டார்கள்.

அடுத்த வாதம் கொஞ்சம் கனமானது. ‘யாளி, மகரம் எல்லாம் சரி, அவை சாஸ்திரத்துக்கு உட்பட்டவை. தாளமும் அங்குலமும் பார்த்துச் செய்தவை. கேலரியில் இருப்பவற்றுக்கு எந்தக் கணக்கும் இல்லை’ என்பது அது. கணக்கை மதிக்கிறவர்கள் கணக்கு என்ன சொல்கிறது என்று முழுமையாகப் பார்க்க வேண்டும். தாளமானம் ஒரே அளவை எல்லார்க்கும் விதிப்பதில்லை. முதன்மைத் தெய்வங்களுக்கு உத்தம தசதாளம், அதாவது 124 அங்குலம். பிள்ளையாருக்கும் பூதகணங்களுக்கும் அதில் பாதியளவே ஆன குட்டைத் தாளங்கள். உடலின் விகிதம் அந்த உருவத்தின் இயல்பைச் சொல்வதற்காக மாறுகிறது. மருத்துவக் கல்லூரியில் வெட்டிப் பார்த்த உடலை எந்தத் தாளமும் பின்பற்றவில்லை.

அதைவிட முக்கியமானது, அந்த உடல் எதனால் ஆனது என்பது. 1914இல் அவனீந்திரநாத் தாகூர் இந்தியச் சிற்ப உடலமைப்பைப் பற்றி ஒரு சிறு நூல் எழுதினார். சிற்பிகள் வழிவழியாகச் சொல்லிவந்ததை அதில் படங்களோடு தொகுத்தார். ஆணின் மார்பும் வயிறும் சேர்ந்த பகுதி பசுவின் முகம்போல. தோளிலிருந்து இறங்கும் கை யானைத் துதிக்கைபோல. தொடை வாழைத்தண்டுபோல. கண் மீன்போலவோ மான்விழிபோலவோ. மூக்கு எள்ளுப்பூப்போல. உதடு கோவைப்பழம்போல. மோவாய் மாங்கொட்டைபோல. நாம் கைகூப்பும் திருமேனி, தாவரங்களும் விலங்குகளும் சேர்ந்து உருவான மனித வடிவம். கேலரியில் ஒரு மனிதத் தலையில் இலை நரம்பு ஓடுவதைப் பார்த்து ‘இது என்ன கோரம்’ என்று கேட்கிற அதே நாம், வாழைத்தண்டுத் தொடையும் மீன்கண்ணும் கொண்ட அம்மன் முன்னால் உருகி நிற்கிறோம். இரண்டிலும் வேலை ஒன்றுதான். ஒன்றில் அந்த வேலை முதிர்ந்து கண்ணுக்குத் தெரியாமல் மறைந்துவிட்டது. மற்றொன்றில் இன்னும் புதிதாக, முண்டும் முடிச்சுமாகத் தெரிகிறது.

முதிர்ந்ததும் ஒருகாலத்தில் புதிதாகத்தான் இருந்தது என்பதற்கும் கூரமே சான்று. சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் கூரத்து நடராசர் செப்புத்திருமேனி இருக்கிறது. தமிழ்நாட்டில் கிடைத்த மிகப் பழைய நடராசர் வெண்கலங்களில் ஒன்று அது. பல்லவர் காலத்தது என்பது அறிஞர்களின் கருத்து. நாம் நடராசர் என்றதும் மனத்தில் எழும் உருவம் வேறு. இடக்காலை உடலுக்குக் குறுக்கே வீசி, சடை இருபுறமும் பறக்க, சுடர் வளையத்துக்குள் ஆடும் சோழர் காலத்து வடிவம் அது. கூரத்து நடராசரோ காலை மடக்கி முழங்காலை மேலே உயர்த்தி, ஊர்த்துவஜானு நிலையில் ஆடுகிறார். சுடர் வளையம் இல்லை. பின்னால் உலகமெங்கும் போகப்போகும் வடிவம் இன்னும் தீர்மானமாகவில்லை. ஒரு சிற்பி தேன்மெழுகைக் கையில் வைத்துக்கொண்டு, ஆடும் இறைவனை எப்படி நிறுத்துவது என்று தேடிக்கொண்டிருக்கிறான். அந்தத் தேடலை அன்றைய யாராவது ஒருவர், ‘முன்பு இப்படிச் செய்ததில்லையே’ என்று நிறுத்தியிருந்தால் சோழர் நடராசர் பிறந்திருக்க மாட்டார். சாஸ்திரம் சோதனைக்கு எதிரி என்று நினைப்பவர்கள் சாஸ்திரம் எப்படி உருவானது என்பதை மறந்துவிடுகிறார்கள்.

‘வெள்ளைக்காரன் பழக்கம்’ என்ற குற்றச்சாட்டுக்கு வருகிறேன். வரலாறு இதை நேர்மாறாகக் காட்டுகிறது. நம் உருவங்களை விகாரம் என்று முதலில் சொன்னவர்கள் ஐரோப்பியர்கள்தான். 1510இல் அச்சான, இத்தாலியரான வர்த்தேமாவின் பயணநூல், கோழிக்கோட்டில் மன்னன் வழிபட்ட தெய்வத்தைப் பிசாசு என்று வர்ணித்தது. பல கைகளும் விலங்குத் தலைகளும் கொண்ட நம் தெய்வங்கள் அவர்களுக்குப் பல நூற்றாண்டுகள் அரக்க உருவங்களாகவே தெரிந்தன. அந்த வரலாற்றை, கலை வரலாற்றாசிரியர் பார்த்தா மித்தர் 1977இல் ஒரு முழுநூலாகவே எழுதினார். 1910இல்கூட ஜார்ஜ் பேர்ட்வுட் என்ற ஆங்கிலேயர் லண்டனில் ஒரு கூட்டத்தில், தியானத்தில் அமர்ந்த புத்தர் உருவத்தை வேகவைத்த கொழுக்கட்டை போன்ற ஒரு பண்டத்தோடு ஒப்பிட்டார். அதற்குக் கொதித்தெழுந்தவர்களில் ஒருவர் ஈ.பி. ஹாவெல். 1884இல் சென்னைக் கலைப்பள்ளிக்குப் பொறுப்பேற்று வந்து, இங்கேயே இந்தியக் கைவினையின் பெருமையைக் கற்றவர் அவர்.

அந்தக் கலைப்பள்ளியை 1850இல் தொடங்கியவர் அலெக்சாண்டர் ஹண்டர் என்ற அறுவை மருத்துவர். ஐரோப்பியக் கலைக்கல்வியின் வழியாகத்தான் நிழலும் வெளிச்சமும் பார்த்து உள்ளதை உள்ளபடி வரையும் பயிற்சி நம்மிடம் நிலைபெற்றது. ரவிவர்மாவின் எண்ணெய் வண்ணமும் அவர் அச்சகத்துப் படங்களும் அந்தப் பார்வையைப் பூசையறை வரைக்கும் கொண்டுபோயின. அதன் பிள்ளைதான் நம் வீட்டுக் காலண்டர் சரஸ்வதி. ஆக, எதை நாம் இயல்பானது, நம்முடையது என்று நினைத்து, அதை வைத்து விநோதத்தை அளக்கிறோமோ, அந்த ‘உள்ளபடி’தான் கப்பலில் வந்த சரக்கு. வந்ததனால் அது தாழ்ந்தது என்று நான் சொல்ல மாட்டேன். மெரினாவில் தேவி பிரசாத் ராய் சௌத்ரி வைத்த உழைப்பாளர் சிலையை எந்தத் தமிழரும் அந்நியம் என்று சொல்வதில்லை. சொல்லவும் கூடாது. நல்ல வேலை எங்கிருந்து வந்தாலும் நம்முடையதாகும். ஆனால் வந்ததைச் சொந்தம் என்றும், சொந்தத்தை வந்தது என்றும் மாற்றிச் சொல்வதை ஏற்க முடியாது.

இந்தப் பிழையைத் திருத்தத்தான் கே.சி.எஸ். பணிக்கர் பாடுபட்டார். 1957இல் ராய் சௌத்ரிக்குப் பிறகு கலைப்பள்ளியின் முதல்வரான அவர், தாமே முதலில் நிலக்காட்சி நீர்வண்ணங்களால் பெயர் பெற்றவர். ஐரோப்பிய வழியை நன்றாகக் கற்று, அதற்கு மேலே என்ன என்று கேட்டார். 1966இல் அவரும் மாணவர்களும் சோழமண்டலத்தைத் தொடங்கியபோது அரசு பணம் கொடுத்து நடத்தவில்லை. பாத்திக் துணி முதலான கைவினைப் பொருட்களைச் செய்து விற்று, அந்த வருமானத்தில் கடலோர மணலில் இடம் பிடித்தார்கள். கலைஞர் வேறு, கைவினைஞர் வேறு என்ற பிரிவை அவர்கள் ஏற்கவில்லை. அந்தப் பிரிவு நம் ஊரில் இருந்ததும் இல்லை. தகட்டைச் சுத்தியால் தட்டி உருவம் எழுப்பிய பி.வி. ஜானகிராம், கோயில் கவசம் செய்யும் கம்மியரின் நுட்பத்தைத்தான் கையிலெடுத்தார். அவருடைய உருவங்கள் முன்பக்கத்திலிருந்து பார்ப்பதற்காக நிற்கின்றன, சன்னதியில் நிற்பதுபோல. எஸ். நந்தகோபால் செம்பையும் பித்தளையையும் பற்றவைத்து, பறவையும் மரமும் தெய்வமும் ஒன்றுக்குள் ஒன்று கிளைக்கும் உருவங்களைச் செய்தார். கே. ராமானுஜம் 1973இல் இளவயதிலேயே மறைவதற்குள், நாகங்களும் மாளிகைகளும் மிதக்கும் மனிதர்களும் நிறைந்த ஒரு கனவுலகையே தாளில் இறக்கிவைத்தார். 2009இல் அங்கே திறக்கப்பட்ட அருங்காட்சியகத்தில் இந்தத் தலைமுறையின் வேலைகளை ஒரே கூரையின் கீழ் பார்க்கலாம். தோட்டத்தில் கல்லும் உலோகமும் மரங்களுக்கிடையே நிற்கின்றன. இவர்களை வெளிநாட்டுப் பகர்ப்பு என்று ஒதுக்குவது, வேலையைப் பார்க்காமலே சொல்லும் தீர்ப்பு.

‘புரியவில்லை’ என்று சொல்பவர்களுக்குத் தனியாகப் பதில் சொல்ல வேண்டும். இந்தச் சொல்லில் ஒரு நியாயமான ஏக்கம் இருக்கிறது. ஆனால் புரிதல் என்பது பெயர் தெரிவதா? காஞ்சித் தறியைப் பாருங்கள். கரையில் யாளி வருகிறது, அன்னம் வருகிறது, இருதலைப் பட்சி வருகிறது. நெசவில் வளைகோடு கிடையாது. பாவும் ஊடையும் குறுக்கும் நெடுக்குமாகத்தான் சந்திக்கும். ஆகவே கட்டம் போட்ட தாளில் புட்டாவை வரைகிறவர், பறவையின் கழுத்து வளைவைப் படிப்படியாக உடைத்து, கட்டம் கட்டமாகக் கணக்கிட்டு, ஜக்கார்டு அட்டைக்குக் கொண்டுபோகிறார். இறகும் நகமும் எண்ணிக்கையாகின்றன. முடிவில் முந்தியில் விழுவது உயிருள்ள பறவையின் படமன்று, பறவை என்ற எண்ணத்தின் நெசவு. இரண்டு தலை வைத்துக்கொண்டு அந்தப் பட்சி எப்படிப் பறக்கும் என்று எந்த மணப்பெண்ணும் கேட்டதில்லை. கேட்காமலே அது அவளுக்குப் புரிகிறது. நிறமும் எடையும் ஒழுங்கும் சேர்ந்து அவள் கண்ணுக்கு எதையோ சொல்கின்றன. இந்தப் புரிதலைப் பட்டில் இயல்பாகச் செய்கிற ஊர், அதே புரிதலைச் செப்புத்தகட்டில் செய்ய மறுப்பது திறமைக் குறைவால் அன்று. யாரும் உட்கார்ந்து பழக்கவில்லை, அவ்வளவுதான்.

பழகினால் என்ன ஆகும் என்பதற்குக் கேரளத்து மலம்புழா ஓர் உதாரணம். சென்னையில் பணிக்கரிடம் படித்த கானாயி குஞ்ஞிராமன் 1969இல் அங்கே அணைத்தோட்டத்தில் பெரிய யட்சி சிலையைச் செய்தார். மலைப்பின்னணியில் கால் பரப்பி அமர்ந்திருக்கும் நிர்வாணப் பெண்ணுருவம் அது. ஆபாசம் என்று கடும் எதிர்ப்பு எழுந்தது. இன்று மலம்புழாவுக்குப் போகிற குடும்பங்கள் அந்த யட்சியின் முன்னால் நின்று படம் எடுத்துக்கொள்கின்றன. சிலை மாறவில்லை, பார்க்கிறவர்கள் மாறினார்கள்.

நீர்வண்ணத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். இந்த ஊடகத்தைச் சிலர் பொழுதுபோக்கு என்றும், இன்னும் சிலர் துல்லியம் இல்லாதது என்றும் நினைக்கிறார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் சென்னை மாகாணத்தில் தாவரவியல் செய்த ராபர்ட் வைட்டுக்கு ரங்கையா, கோவிந்து என்ற இந்திய ஓவியர்கள் ஆயிரக்கணக்கான செடிகளை வரைந்தார்கள். 1838 முதல் 1853 வரை வெளிவந்த அவருடைய பெருந்தொகுதிகளின் படங்களுக்கு அவர்கள் கைதான் ஆதாரம். ஓர் ஆர்க்கிட் பேரினத்துக்கே வைட் கோவிந்துவின் பெயரை வைத்தார். அந்த ஓவியங்களில் மலரின் உள்ளறையைப் பிளந்து, சூலகத்தையும் மகரந்தப் பையையும் பெரிதாக்கித் தாளின் ஓரத்தில் வைத்திருப்பார்கள். அது அறிவியல் துல்லியம். ஆனால் முதன்முதலாகப் பார்க்கிற கண்ணுக்கு அது வேற்றுலகத்து உயிர்போல இருக்கும். மிகவும் நெருங்கிப் பார்த்தால் இயற்கையே விசித்திரமானது. பூச்சியின் தாடையும் ஆலின் விழுதும் புற்றின் உள்ளறையும் எந்தக் கற்பனைக்கும் தாழ்ந்தவை அல்ல. ஆகவே ஒரு நீர்வண்ணத்தில் விசித்திர உயிர் தெரிந்தால், ஓவியர் இயற்கையை விட்டு ஓடிவிட்டார் என்று உடனே முடிவுகட்டக் கூடாது. மற்றவர்களைவிட அவர் நெருங்கிப் போயிருக்கலாம். மேலும் நீர்வண்ணத்தில் பாதி வேலை தண்ணீருடையது. ஈரத்தாளில் நிறம் தானாக ஊர்ந்து, ஓரம் கட்டி, வண்டல்போலத் துகள் துகளாகப் படிகிறது. ஆற்றுப்படுகையில் மண் படியும் அதே விதியில் தாளில் வண்ணம் படிகிறது. இயற்கையின் உருவத்தை மட்டுமன்றி அதன் செயலையும் தாளுக்குள் அழைத்துவரும் ஊடகம் இது.

எதிர்த்தரப்பில் உண்மையும் இருக்கிறது, அதை மறைக்க மாட்டேன். கேலரியில் இருக்கிற எல்லாமே நல்லதில்லை. விசித்திரமாக இருந்தால் போதும் என்று நினைத்து, எதையும் உற்றுப் பார்க்காமல் ஒட்டிவைத்த வேலைகள் ஏராளம். பார்வையாளரை மிரட்டும் மொழியில், அதுவும் ஆங்கிலத்தில் மட்டும், விளக்க அட்டை எழுதி மாட்டுகிற கண்காட்சிகள் உண்டு. சாதாரணக் குடும்பம் உள்ளே நுழையவே கூசுகிற வாசல்கள் உண்டு. இவற்றின் மேல் கோபப்படலாம், கோபப்பட வேண்டும். ஆனால் மோசமான யாளிகளும் நம் கோயில்களில் இருக்கின்றன. அவற்றுக்காக யாரும் யாளியையே தள்ளிவிடவில்லை. நல்லது எது, கெட்டது எது என்று பிரிக்க நமக்கு ஓர் உரைகல் ஏற்கெனவே இருக்கிறது. செய்தவர் உண்மையில் பார்த்தாரா? தாடையின் கீல் தெரிகிறதா, வேரின் முறுக்கு தெரிகிறதா, பிரித்த பாகங்கள் சேர்ந்து புதிய ஓர் உயிராக நிற்கின்றனவா? கைலாசநாதர் கோயில் தூணிடம் கேட்கிற இந்தக் கேள்விகளையே ஈஞ்சம்பாக்கத்துச் செப்புத்தகட்டிடமும் கேட்போம். தேறாததைத் தள்ளுவோம். தேறியதைக் கொண்டாடுவோம். பொருள் எங்கே வைக்கப்பட்டிருக்கிறது என்பதை வைத்து மட்டும் தீர்ப்புச் சொல்வதை நிறுத்துவோம்.

இந்தப் பழைய கருத்தால் வரும் நட்டம் சோழமண்டலத்துக்கு அவ்வளவாக இல்லை. அவர்களுக்குப் பார்வையாளர் வேறு எங்கிருந்தாவது வருவார்கள். நட்டம் நமக்குத்தான், குறிப்பாக நம் பிள்ளைகளுக்கு. கொடிக்கருக்கின் நடுவே வளர்ந்த கண், புட்டாவின் கட்டக் கணக்கில் பழகிய விரல், இவை இரண்டும் உள்ள ஒரு பிள்ளை காஞ்சியிலோ கூரத்திலோ ஒரு விநோத உருவத்தை வரைந்தால், வீட்டிலும் பள்ளியிலும் ‘ஒழுங்காக வரை’ என்ற திருத்தம்தான் கிடைக்கிறது. ஒழுங்கு என்று சுட்டிக்காட்டப்படுவது காலண்டர் படம். அந்தப் பிள்ளையை யாளி செய்த பரம்பரையிலிருந்து பிடுங்கி, அச்சகத்துப் பரம்பரையில் சேர்த்துவிடுகிறோம். அதற்குப் பெயர் மரபைக் காப்பது என்றும் சொல்லிக்கொள்கிறோம்.

செய்ய வேண்டியது எளிது. சென்னையில் நடக்கும் இத்தகைய கண்காட்சிகள் காஞ்சிக்கும் வரவேண்டும். தமிழ் விளக்கத்தோடு வரவேண்டும். காலையில் கைலாசநாதர் கோயிலையும் மாலையில் அந்தக் கண்காட்சியையும் ஒரே நாளில் பிள்ளைகளுக்குக் காட்டும் பள்ளிகள் வேண்டும். புட்டா வரைகிறவரும் செப்புத்தகடு தட்டுகிறவரும் ஒரே மேடையில் உட்கார்ந்து தங்கள் வேலையைச் சொல்ல வேண்டும். தூங்கும் யானையின் முதுகில் கோயிலைக் கண்ட சிற்பிக்கு அன்று கூரம் இடம் கொடுத்தது. அந்தத் துணிச்சலின் வாரிசுகள் இன்று செம்பிலும் தாளிலும் வேலை செய்கிறார்கள். அவர்களை அந்நியர் என்று அழைக்கும் உரிமை, இந்தக் கோயில்களின் நிழலில் வாழும் நமக்கு எல்லாரையும்விடக் குறைவு.